கூர்நோக்கு

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் காலைப் பிரேயரில் தலைமையாசிரியர் ஒரு பட்டியலை எடுத்து வாசித்தார். "பேரு வாசிக்கிற ஏழை மாணவர்கள் மட்டும் முன்னால வந்து நில்லுங்க." பதினோரு பெயர்கள். ஏழாவது என்னுடையது.

நாங்கள் ஏழை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். அப்பா பஸ் ஸ்டாண்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள். தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் அதுவரை அது எங்கள் வீட்டுக்குள் இருந்த விஷயம். அன்றைக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் பார்க்க அது எழுந்து நடந்து மேடைக்குப் போயிற்று.

எங்கள் ஊரில் இருந்த ஒரு சேவைச் சங்கம் கொடுத்தது. ஆளுக்கு ஒரு பை, ஒரு டஜன் நோட்டு, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். கொடுத்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டையில் சின்னதாக ஒரு பின் மின்னியது. பையின் ஒரு வாரை அவர் பிடித்திருந்தார், இன்னொரு வாரை நான் பிடித்திருந்தேன். போட்டோகிராபர், "தம்பி, பையப் பாக்காத, இங்க பாரு" என்றார். பிறகு கொடுத்தவரிடமும் மரியாதையாக, "சார், நீங்களும் கொஞ்சம் இங்க" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கேமராவைப் பார்த்தோம். ஃபிளாஷ் அடித்தது. அவர் கையை விட்டார். அடுத்த பையன் வந்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் படம் பத்திரிகையில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் வந்தது. அம்மா அதை வெட்டி முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அவளுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை, பெருமைதான். பையும் நல்ல பை. மூன்று வருஷம் உழைத்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ரொம்ப நாளாக இருக்கிற கேள்வி வேறு. அந்த மேடையில் நாங்கள் இரண்டு பேரும் ஏன் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை?

*

இப்போது நானே அப்படியொரு சங்கத்தில் உறுப்பினர். ரோட்டரியா, லயன்ஸா, ஜேசீஸா என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யார் எவர் என்று எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், எல்லாம் சதுர அடிக் கணக்கில் என் மெஷினில் இருந்து இறங்கி வரும். சங்கத்தின் பேனர்களும் என்னிடம்தான். ஒன்பது வருஷம் முன்னால், அப்போது தலைவராக இருந்த அண்ணாச்சி பில்லில் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசினார். கடைசியில், "நீயும் மெம்பராயிருடே, அப்புறம் பில்லே கேக்க மாட்ட" என்று சிரித்தார். அப்படித்தான் சேர்ந்தேன். என் சட்டையிலும் இப்போது ஒரு பின்.

இந்தச் சங்கங்களைக் கிண்டல் செய்வது சுலபம். கதையும் கவிதையும் படிக்கிற நாம் அதை நன்றாகவே செய்வோம். மணி அடித்துக் கூட்டம் தொடங்குவது, ஜூலையில் பதவியேற்பு, சால்வை, நினைவுப் பரிசு, ஆளுநர் வருகை, கடைசியில் சாப்பாடு. கிண்டலுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அரசு மருத்துவமனையில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனை எடுக்கிறவர்களும் இதே ஆட்கள்தான். கண்புரை முகாமுக்கு வேன் பிடித்து, கிராமத்துப் பாட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் முடிந்து திரும்ப அவரவர் வாசலில் இறக்கிவிடுகிறவர்களும் இவர்கள்தான்.

இவற்றின் வரலாறும் சுவாரசியமானது. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடி ரோட்டரியைத் தொடங்கினார். முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். தொடக்கத்தில் அது சேவைக்கான அமைப்பே இல்லை. பெரிய நகரத்தில் நட்பும் தொழில் தொடர்பும் தேடியவர்களின் கூட்டம். சேவை பிறகு வந்தது. அவர்கள் எடுத்த முதல் பொதுக்காரியம் சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது. அதே சிகாகோவில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரரின் முயற்சியில் லயன்ஸ் சங்கம் உருவானது. 1925இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். நம் ஊர்க் கண்சிகிச்சை முகாம்களுக்குப் பின்னால் அந்தப் பேச்சு இருக்கிறது. 1985இல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா பக்கம் ஒரு குழந்தைக்கு வந்த போலியோ, இந்தியாவில் அந்தக் காட்டு வைரஸால் வந்த கடைசி நோயாக இருந்தது. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அரசும், லட்சக்கணக்கான ஊழியர்களும் செய்த வேலை அது. ஆனால் அதில் இந்த மாதிரிச் சங்கத்துக்காரர்களின் பங்கு சின்னதல்ல.

கழிப்பறையையும் சொட்டு மருந்தையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

*

நான்கு வருஷம் முன்னால் எங்கள் சங்கம் இளைஞர்களுக்கு என்று ஒரு திட்டம் எடுத்தது. தடம் மாறிப் போகக்கூடிய பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் இது பேப்பரில் மட்டும் வாசிக்கிற விஷயம் இல்லை. பத்தாவதோடு நின்றவன், உதட்டுக்குள் பொட்டலத்தை அதக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவன், கையில் கட்டிய கயிற்றின் கலருக்காக அடித்துக்கொள்கிறவன், எல்லோரையும் என் கடை வாசலிலேயே பார்க்கலாம். அவர்களுக்குப் பிறந்தநாள் பேனர் அடித்துக் கொடுப்பதும் நான்தான். பக்கத்தில் சிங்கம் நிற்கிற மாதிரி வேண்டும் என்பார்கள். போட்டுக் கொடுப்பேன்.

முதல் நிகழ்ச்சி ஒரு அரசு கூர்நோக்கு இல்லத்தில். குற்ற வழக்கில் சிக்கிய, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். இரண்டு கேரம் போர்டு, ஒரு வாலிபால் செட், இருபது போர்வை கொண்டுபோவதாக முடிவானது. இருபத்திரண்டு பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தோம். முந்தின நாள் ராத்திரி வாட்ஸப் குழுவில் செயலாளர், "அங்கே போட்டோவுக்கு அனுமதி இல்லை" என்று போட்டார். மறுநாள் வேனில் ஒன்பது பேர் இருந்தோம். அன்றைக்கு முகூர்த்த நாளும்கூட. அதையும் சொல்ல வேண்டும்.

கேட்டிலேயே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். "இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 சார். பையனோட பேரு, முகம், ஸ்கூலு, எதுவும் வெளிய வரக்கூடாது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே." எங்கள் தலைவர் விடவில்லை. மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்ப ஒரே ஒரு படமாவது வேண்டும் என்று கெஞ்சினார். கடைசியில் வராந்தாவில் ஒரு படம், முகங்களை மறைக்காமல் எங்கேயும் போகக்கூடாது என்று சம்மதித்தார்கள்.

தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஓரமாக ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கேரம் போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பவுடர் கொண்டுவரலையா?" என்றான். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சிரித்தேன். அவனும் சிரித்தான். பத்துப் பதினைந்து நிமிஷம் பேசினோம். அவன் மாமா சுவர் எழுதுகிறவர். தேர்தல் நேரத்தில் இவனும் கூடப் போய் வெள்ளை அடித்துக் கொடுப்பான், கோடு போட்டுக் கொடுப்பான். என் தொழில் என்ன என்று கேட்டான். சொன்னேன். "ஃப்ளெக்ஸ்ல எழுத்து எல்லாம் செத்த மாதிரி இருக்கும்ணே. சுவர்ல எழுதுனா ஒவ்வொரு 'க'வும் ஒரு மாதிரி வரும்" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. "வெளிய வந்ததும் கடைக்கு வாடே, வேலை தாரேன்" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னேன்.

அன்று ராத்திரி கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தேன். பதினான்கு முகங்கள். ஒவ்வொன்றாக வட்டம் போட்டுக் கலங்கலாக்கினேன். என் வேலையில் ஒரு சுத்தம் உண்டு. ஒரு முகம்கூடத் தப்பவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால், படத்தில் எங்கள் ஒன்பது பேர் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அதே ஃபைலில் சேவ் செய்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

*

ஒன்றரை வருஷம் இருக்கும். சாயங்காலம், கடையில் கூட்டம். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் வந்து நின்றான்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா?"

"சொல்லுப்பா, என்ன சைஸு?"

"பேனர் இல்லண்ணே. நீங்க வரச் சொன்னீங்க."

"நானா? எப்பப்பா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். துக்க வீட்டுக்காரர்கள் நான்கு பேர், ஒரு கட்சிக்காரர், என் கடைப் பையன்கள் இருவர். அவனால் எப்படிச் சொல்ல முடியும், எந்த இடத்தில் வைத்து நான் வரச் சொன்னேன் என்று? "சும்மாதாண்ணே" என்றான். "ஆள் தேவைப்பட்டா கூப்பிடுறேன், நம்பர் எழுதி வச்சிட்டுப் போ" என்று எல்லோரிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னேன். அவன் எழுதவில்லை. போகும்போது மெஷினில் இறங்கிக்கொண்டிருந்த பேனரைப் பார்த்து, "எழுத்து நல்லா வந்திருக்குண்ணே" என்றான். போய்விட்டான்.

ராத்திரி ஷட்டரை இறக்கும்போது அந்த வார்த்தை திரும்ப வந்தது. எழுத்து. கையில் பூட்டோடு அப்படியே நின்றேன். திரும்ப ஷட்டரைத் தூக்கிக் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். பதினான்கு கலங்கல் வட்டங்கள். இதில் எது அவன்? எனக்குத் தெரியவில்லை. பழைய படம் என்னிடம் இல்லை. நான்தானே அதன் மேலேயே சேவ் செய்தேன்.

மறுநாள் கண்காணிப்பாளருக்குப் போன் செய்து அவன் முகவரி கேட்டேன். "தரக்கூடாது சார்" என்றார். கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னதுதான் நியாயம். அந்தச் சட்டத்தில் புதிய தொடக்கம் என்று ஒரு கொள்கை இருக்கிறது. பையனுடைய பழைய கதை அவன் பின்னாலேயே வரக்கூடாது என்பது அதன் பொருள். அந்தப் பழைய கதை தெரிந்த ஆள் நான். என்னிடமிருந்தும்தான் அவனைச் சட்டம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவனாக என்னை நம்பி, தன் கதையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். என்ன சைஸ் என்று கேட்டேன்.

*

புறநானூற்றில் 208ஆம் பாட்டு பெருஞ்சித்திரனாருடையது. குன்றும் மலையும் கடந்து அதியமானைத் தேடிப் பரிசிலுக்குப் போகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலேயே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசை அனுப்பிவிடுகிறான். புலவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப் போவதற்கு நான் வியாபாரியா என்று கேட்கிறார். என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடுத்தால் கொஞ்சமே ஆனாலும் இனிது என்கிறார்.

கல்லூரியில் இதைப் படித்தபோது புலவரின் திமிர் என்று ரசித்தேன். இப்போது படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. பரிசு வேண்டித்தானே அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்தார்? பசி இருந்திருக்கும். ஆனாலும், பசியோடு வந்தவனுக்கும் பார்க்கப்பட வேண்டும் என்ற தேவை உண்டு என்று அவர் சொல்கிறார். சோறு முதலில், மரியாதை பிறகு என்று நாம் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். வாங்குகிறவன் அப்படி வரிசைப்படுத்துவதில்லை. பிரேயரில் ஏழாவதாக நின்ற எனக்கு இது தெரியும்.

கபிலர் இன்னும் ஒரு படி போகிறார். 121ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியிடம், கொடுப்பது சுலபம், ஆளுக்கு ஆள் தகுதி அறிவதுதான் கஷ்டம், அதனால் புலவர்களைப் பொதுநோக்காகப் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். பொதுநோக்கு. அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். அப்சர்வேஷன் ஹோம் என்பதைக் கூர்நோக்கு இல்லம் என்று தமிழாக்கியவர் கபிலரை நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் இரண்டு சொற்களும் எதிரெதிரே நிற்கின்றன. ஊரின் பொதுநோக்கிலிருந்து பிள்ளையின் முகத்தை மறை, உள்ளே இருக்கிறவர்கள் அவனைக் கூர்ந்து நோக்கு. சட்டம் சொல்வது அதுதான். நான் முதல் பாதியை ஒழுங்காகச் செய்தேன். முகத்தை மறைத்தது தப்பில்லை. மறைக்கும் முன்னால் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எனக்கும் எழுந்தது. கபிலர் கேட்பது தகுதி உள்ளவனுக்குத் தனி மரியாதை. ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பந்தியில் யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதும் ஆளைப் பார்த்துத்தான். எல்லோருக்கும் ஒன்றுபோல என்பதற்காக எவ்வளவு போராடியிருக்கிறோம்! இன்றைக்கு அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு போனால் சைக்கிள் கிடைக்கிறது. வகுப்பே வாங்குகிறது. அதில் ஏழை என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் எனக்கு வேண்டியிருந்தது உண்மையில் இந்தப் பொதுநோக்குதான்.

இதற்கு வள்ளுவரிடம் ஒரு வழி இருப்பதாகப் பட்டது. ஈகைக்கு முந்தின அதிகாரம் ஒப்புரவறிதல். 22ஆவது அது, 23ஆவது ஈகை. பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல நடத்திவிட்டுப் போவார்கள். ஒப்புரவுக்கு அவர் சொல்லும் உவமைகளைப் பாருங்கள். ஊருணியில் நிறைந்த தண்ணீர், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லாப் பாகமும் மருந்தாகும் மரம். ஊருணியில் தண்ணீர் எடுக்கிறவள் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. ஊருணியும் வருகிறவள் யார் என்று கேட்பதில்லை. சிகாகோவில் கட்டிய கழிப்பறை அப்படிப்பட்டது. சொட்டு மருந்தும் அப்படித்தான். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடும். ஈகை அப்படி இல்லை. இல்லை என்று ஒருவன் உங்கள் எதிரே வந்து நிற்கிறான். அங்கே கண் வேண்டும்.

எங்கள் மேடை செய்த தப்பு இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் அது ஈகை மாதிரி இருந்தது. கூப்பிட்டவனைப் பார்க்காமல் விட்டதில் ஊருணி மாதிரி இருந்தது. பையை வகுப்புக்கே கொடுத்திருக்கலாம். இல்லை, வாத்தியாரிடம் கொடுத்து யாருக்கும் தெரியாமல் சேர்த்திருக்கலாம். இரண்டுமே நன்றாக இருந்திருக்கும்.

கூர்நோக்கு இல்லத்துப் பையனுக்கு இந்தச் சுலபமான வழியும் இல்லை. அவனுக்கு வேண்டியதை இருபது போர்வையாகக் கட்டிக் கொண்டுபோக முடியாது.

*

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, இனிமேல் வாங்குகிறவர்கள் முகம் தெரிய எங்கேயும் படம் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருப்பேன். அந்தப் பையன் கதையையும், அவன் யார் என்று தெரியாதபடி சொன்னேன். அண்ணாச்சி முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"படம் இல்லாம எப்டிடே? அந்த ஜவுளிக்கடைக்காரர் இருபதாயிரம் தந்தாருல்லா, ஏன் தந்தாரு? முந்தின வருசப் படத்தப் பாத்துத்தான் தந்தாரு. ஊர்ப் பணத்த வாங்குதோம். கணக்குக் காட்டணும்லா."

"கணக்கக் காட்டுவோம் அண்ணாச்சி. பில்லக் காட்டுவோம், பொருளக் காட்டுவோம். முகத்தை எதுக்குக் காட்டணும்?"

"சரி, வச்சுக்கிடுவோம். ஒண்ணு கேக்கேன். அந்தப் பையன நீ மறந்ததுக்குப் போட்டோவா காரணம்? அவன்கூடப் பேசும்போது ஒன் கையில போனே இல்லையே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. கேமரா இல்லாத அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் அவனை நன்றாகத்தான் பார்த்ததாக நினைத்தேன். சிரித்தேன், கேட்டேன், வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் மனசுக்குள் ஒரு படம் இருந்தது. அதில் ஒரு நல்ல மனுஷன் ஒரு பாவப்பட்ட பையனோடு சமமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். அந்த நல்ல மனுஷனின் முகம் மட்டும் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. போட்டோ எடுக்காதவன் என்று நினைத்துக்கொள்வதும் இன்னொரு போட்டோதான்.

அண்ணாச்சியின் கேள்வி இன்னொன்றையும் காட்டியது. எங்கள் வருஷம் ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முப்பதில் முடிகிறது. ஒவ்வொரு ஜூலைக்கும் புதுத் தலைவர், புதுத் திட்டம், புதுப் பேனர். போன தலைவரின் திட்டத்தைத் தொடர்ந்து நடத்துவதில் யாருக்கும் பேர் வராது. கழிப்பறை கட்டவும் கண்புரை எடுக்கவும் ஒரு வருஷம் போதும். ஒரு பையன் திரும்பி வர எத்தனை ஜூன் வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்? கூர்ந்து பார்ப்பது என்பது கண்ணின் கூர்மையைப் பொறுத்தது இல்லை. திரும்பப் போவதைப் பொறுத்தது. இரண்டாம் முறை போகும்போதுதான் முதல் முறை பார்த்தது யார் என்றே தெரிகிறது.

அனுமதி வாங்கிக்கொண்டு இப்போது மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை போகிறோம். மூன்று பேரில் ஆரம்பித்தோம், சில மாதம் இரண்டு பேர். ஒன்றும் கொண்டுபோவதில்லை, கேரம் பவுடர் தவிர. ரிப்போர்ட்டில் எழுத எதுவும் இல்லை என்று செயலாளர் குறைப்பட்டபோது அண்ணாச்சிதான் சொன்னார், "கேரம் விளையாடினோம்னு எழுதுடே."

*

அம்மா போன பிறகு முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துப் பார்த்தேன். கொடுத்தவர் பெயர் கீழே அச்சாகியிருந்தது. எங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் தடியோடு வந்து உட்காருகிற பெரியவர். ஒன்பது வருஷமாக அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்தானா என்று எனக்கும் தோன்றியதில்லை. நானும் அன்றைக்கு அவரைப் பார்க்கவில்லையே.

அடுத்த கூட்டத்துக்குத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பையன் யாரு?" என்றார். "நான்தான் ஐயா." படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். "அப்ப அப்பா என்ன வேலை பாத்தாரு?" என்று கேட்டார். சொன்னேன். எந்த பஸ் ஸ்டாண்டு, பழையதா புதியதா என்று கேட்டார். பழையது என்றேன். அங்கே மூட்டை தூக்கினவர்களில் இரண்டு மூன்று பேர் பெயரைச் சொல்லி, அவர்களில் யாராவது அப்பாவா என்று கேட்டார். இல்லை. ஆனால் அவர் அதில் ஒருவருக்கு அப்பா சிநேகிதர். அன்றைக்குச் சாப்பாடு ஆறிவிட்டது.

என் கடையில் இப்போது பத்தொன்பது வயசில் ஒரு பையன் இருக்கிறான். எங்கிருந்து வந்தான் என்று எழுத மாட்டேன். பேனருக்கு ஓரம் ஒட்டுவான், ஐலெட் அடிப்பான். வாரத்தில் இரண்டு நாள் லேட். ஒருமுறை கல்லாவில் முந்நூறு ரூபாய் குறைந்தது. கேட்டதும் எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டான். "இவ்வளவு செஞ்சேனேடா உனக்கு" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. இவன் எனக்கு நன்றியோடு நிற்கிற ஒரு படம் உள்ளே எங்கேயோ மாட்டித்தான் இருந்திருக்கிறது. அவன் தலையைக் குனியவில்லை. "சம்பளத்துல கழிச்சுக்கோங்க" என்றான். கழித்துக்கொண்டேன். மறுநாள் வேலைக்கு வந்தான். வழக்கம்போல லேட்.

அந்த இன்னொரு பையன் வரவில்லை. எங்காவது சுவர் எழுதிக்கொண்டிருக்கலாம். தேர்தல் வந்தால் பஸ்ஸில் போகும்போது சுவர்களைப் பார்த்துக்கொண்டு போவேன், ஒவ்வொரு 'க'வும் ஒரு மாதிரி இருக்கிறதா என்று. கடைக்குப் புதிதாக யாராவது பையன் வந்து நின்றால், என்ன சைஸ் என்று கேட்பதற்கு முன்னால் முகத்தைப் பார்க்கிறேன். சில பையன்கள், "என்னண்ணே, அப்படிப் பாக்கீங்க?" என்று கேட்கிறார்கள்.